பகுதிநேர ஊழியருக்கு இடைவேளை கிடையாதா?

"வாரத்துக்கு 30 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்பவர்களுக்குச் சட்டப்படி இடைவேளை இல்லை" என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பிரிட்டனில் வேலை செய்யும் பலரும் இதை நம்பிவிடுகிறார்கள். இது தவறு.

அங்கே 1998ஆம் ஆண்டின் வேலைநேர விதிகள் இடைவேளைக்கு வாரக் கணக்கைப் பார்ப்பதே இல்லை. அன்றைய வேலை 6 மணி நேரத்தைத் தாண்டுகிறதா என்பதுதான் கேள்வி. தாண்டினால், வாரத்தில் இரண்டே நாள் வருபவருக்கும் இடைவிடாத 20 நிமிட ஓய்வு உண்டு. 18 வயதுக்குக் கீழ் என்றால் நாலரை மணி நேரத்தைத் தாண்டினாலே 30 நிமிடம்.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறது. பகுதிநேரக்காரர்கள் பலர் நான்கு மணி நேர ஷிப்டில் இருப்பதால் சட்டப்படியான இடைவேளை வருவதில்லை. ஆனால் அதே நான்கு மணி நேரம் மட்டும் வேலை செய்யும் நாளில் முழுநேரக்காரருக்கும் அது வராது.

இன்னொன்று, இதைத்தான் நிறையப் பேர் கவனிப்பதில்லை: ஒப்பந்தப்படி முழுநேர ஊழியர்களுக்குத் தேநீர் இடைவேளை கொடுத்துவிட்டு, அதே வேலையை அதே நேரம் செய்யும் பகுதிநேரக்காரருக்கு, பகுதிநேரம் என்ற ஒரே காரணத்துக்காக நிறுவனம் மறுக்க முடியாது. வேறுபாடு காட்டினால் அதற்குத் தக்க நியாயம் காட்ட வேண்டும் என்கின்றன பகுதிநேர ஊழியர்களுக்கான 2000ஆம் ஆண்டின் விதிகள்.

அந்த 20 நிமிடத்துக்குச் சம்பளம் உண்டா என்பதை ஒப்பந்தம்தான் சொல்லும். ஆனால் "ஓய்வு வேண்டாம், 20 நிமிடம் முன்னதாகக் கிளம்பு" என்பது இடைவேளை ஆகாது. ஓய்வு வேலைக்கு நடுவில் வர வேண்டும்.