நண்டலாறு தாண்டினால் லைசென்ஸ் செல்லாதாம்!

என் துப்பாக்கி லைசென்ஸில் 'தமிழ்நாடு முழுவதும்' என்று தெளிவாக எழுதி முத்திரை குத்தியிருக்கிறது. நான் தரங்கம்பாடிப் பக்கம். நாகப்பட்டினத்துக்குப் போக வேண்டும். இரண்டும் தமிழ்நாட்டு ஊர்தான். ஆனாலும் துப்பாக்கியோடு கடற்கரைச் சாலையில் போக எனக்குச் சட்டம் இடம் தரவில்லை. பொறையாறு தாண்டி நண்டலாற்றுக்கு அந்தப் பக்கம் கால் வைத்தால் காரைக்கால், அதாவது புதுச்சேரி யூனியன் பிரதேசம். வாஞ்சூர் தாண்டி நாகூர் வந்தால்தான் மறுபடியும் தமிழ்நாடு. நடுவில் இருக்கும் அந்த ஒரு மணி நேரப் பயணத்துக்கு என் லைசென்ஸ் புத்தகம் வெற்றுக் காகிதம்!

எதற்கு உனக்குத் துப்பாக்கி என்று சிலர் கேட்பீர்கள். நான் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். கன்மேன் வேலை பார்க்கிறேன். வங்கி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவர், ஏ.டி.எம்முக்குப் பணம் கொண்டு போகும் வண்டியில் இருந்து முதலில் இறங்கி இரண்டு பக்கமும் பார்ப்பவர், நகைக்கடை ஷட்டர் இறங்கும் வரை நின்றுகொண்டிருப்பவர், எல்லாம் எங்கள் ஆட்கள்தான். கையில் இருப்பது பெரும்பாலும் 12 போர் (குழல் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி. அது பெருமைக்கு வாங்கியதல்ல. வேலைக்கு ஆள் எடுக்கும்போதே 'சொந்தத் துப்பாக்கி, லைசென்ஸ் உள்ள முன்னாள் ராணுவத்தினர் மட்டும்' என்றுதான் கேட்கிறார்கள். நிறுவனமே துப்பாக்கி வாங்கி, நிறுவனத்தின் பெயரில் லைசென்ஸ் எடுத்து, காவலரின் பெயரை அதில் சேர்த்துக்கொள்ள விதிகளில் வழி இருக்கிறது. செய்ய மாட்டார்கள். செலவும் பொறுப்பும் அவர்கள் தலையில் ஏறிவிடுமே! எங்கள் பென்ஷன் பணத்தில் நாங்களே துப்பாக்கி வாங்கி, ரினியூவலுக்கு நாங்களே அலைந்து, அதை அவர்கள் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? ஆயுதச் சட்டம் 1959ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். கன்னியாகுமரிக்கும் காரைக்காலுக்கும் காஷ்மீருக்கும் அதே சட்டம்தான். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் நாடு முழுவதற்கும் பொது. ஒவ்வொரு லைசென்ஸுக்கும் தனி அடையாள எண் கொடுத்து, உள்துறை அமைச்சகத்தின் தேசியத் தரவுத்தளத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். என் பெயர், துப்பாக்கியின் நம்பர், எல்லாம் அதில் இருக்கிறது. சட்டம் ஒன்று, பதிவேடு ஒன்று, கொடுப்பவரும் மாவட்ட ஆட்சியர்தான். அப்படி இருந்தும் லைசென்ஸ் எந்த எல்லை வரை செல்லும் என்பதை மட்டும் மாநிலத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

அப்படியானால் இந்தியா முழுவதும் செல்லும்படி வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்பார்கள். வாங்கலாம். யாருக்கு அது எளிது தெரியுமா? மத்திய அமைச்சர்கள், எம்.பி.க்கள், பணியில் இருக்கும் ராணுவத்தினர், துணை ராணுவத்தினர், அகில இந்தியப் பணி அதிகாரிகள், விளையாட்டு வீரர்கள். பணியில் இருக்கும் ராணுவத்தினர் என்பதைக் கவனியுங்கள். சீருடையில் இருந்த வரைக்கும் இந்த நாட்டின் எந்த மூலைக்கும் ஆயுதத்தோடு போ என்று அனுப்பினார்கள். ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகு பக்கத்து ஊர்ப் பாலத்தைத் தாண்ட முடியவில்லை. தனியாக விண்ணப்பித்தால் போலீஸ் அறிக்கை, காரணம் கேட்டுக் கடிதம், மேலிடத்துக்கு ஃபைல் என்று இழுத்துக்கொண்டே போகிறது. "காரணம்: காரைக்கால் வழியாகப் பஸ்ஸில் போக வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தேன். செக்‌ஷனில் இருந்தவர் படித்துவிட்டு, "ஐயா, இதெல்லாம் ஒரு காரணமா? வேற ஏதாவது ஸ்ட்ராங்கா எழுதுங்க" என்றார். என் சோறு அந்தச் சாலையில்தான் இருக்கிறது. அதைவிட ஸ்ட்ராங்காக நான் எதை எழுத?

எங்களோடு வேலை பார்த்த ஒரு அண்ணன் கதையைச் சொல்கிறேன். எனக்கு மூத்தவர், வம்பு தும்புக்குப் போகாதவர். திருவாரூர் வழியாகச் சுற்றிப் போகத் தெம்பில்லை என்று ஒரு நாள் நாகையில் காரைக்கால் வழி பஸ் ஏறிவிட்டார். தோட்டாவைக் கழற்றித் தனிப் பையில் வைத்து, துப்பாக்கியை உறைக்குள் போட்டு, மேலே துண்டு சுற்றி, காலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நிறுத்தி வைத்திருந்தார். காரைக்காலில் இருந்து வரும் பஸ் என்றால் போலீஸார் மது பாட்டில் தேடி ஏறுவார்கள் என்பது இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அன்றைக்கும் ஏறினார்கள். "பெரியவரே, அது என்ன நீளமா?" இவர் மறைக்கவில்லை. "துப்பாக்கி சார். லைசென்ஸ் இருக்கு." அவ்வளவுதான். பஸ்ஸே எழுந்து நின்று பார்த்தது. முன் சீட்டில் இருந்த பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள். இவரை இறக்கிவிட்டுப் பஸ்ஸை அனுப்பிவிட்டார்கள். லைசென்ஸ் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, "தமிழ்நாடுன்னுதானே போட்டிருக்கு, காரைக்கால்ல இருந்து எப்படி எடுத்துட்டு வந்தீங்க? 25ஆம் பிரிவுல போட்டா என்ன ஆகும் தெரியுமா?" என்று மிரட்டல் வேறு.

என்ன ஆகும் என்று எங்களுக்கும் தெரியும். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 25ஆம் பிரிவு. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை. லைசென்ஸ் வைத்திருப்பவர் நிபந்தனையை மீறினால் அது 30ஆம் பிரிவு. ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவருக்கு மலைக்கும் மடுவுக்கும். ஆனால் ரோட்டில் நிற்கும்போது எதைப் போடுவது என்பது எழுதுகிறவர் கையில்தான் இருக்கிறது. கடைசியில் வழக்குப் போடாமல் ராத்திரி அனுப்பிவிட்டார்கள். வேலை போனது போனதுதான். 'போலீஸில் சிக்கிய ஆள்' என்று நிறுவனம் நிறுத்திவிட்டது. ஊரிலோ துப்பாக்கியோடு பிடிபட்டார் என்று பேச்சு. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. இதற்கெல்லாம் யார் பதில் சொல்வது?

அவர் பட்டதைப் பார்த்த பிறகு நாங்கள் யாரும் அந்தச் சாலையில் துப்பாக்கியோடு போவதில்லை. பொறையாற்றில் பஸ் ஏறி மயிலாடுதுறை, அங்கிருந்து பேரளம், நன்னிலம் வழியாகத் திருவாரூர், அங்கே மாறிக் கீழ்வேளூர் வழியாக நாகை. ஒரே பஸ்ஸில் முடிய வேண்டிய பயணம் மூன்று பஸ்ஸாகிறது. மூக்கைச் சுற்றித் தொடுவது என்பது இதுதான். ஒவ்வொரு பஸ்ஸிலும் நிற்கிற கூட்டத்துக்கு நடுவில் துப்பாக்கி உறையை அணைத்துப் பிடித்துக்கொண்டு, யார் கையும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலை பார்க்கும் இடத்திலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வரவும் முடியாது. லைசென்ஸ் என் பெயரில் இருக்கிறது, காணாமல் போனால் நான்தான் உள்ளே போக வேண்டும். நன்றாக யோசித்துப் பாருங்கள். ஒரு மணி நேரம் துப்பாக்கி பொதுமக்கள் நடுவில் இருப்பது பாதுகாப்பா, நான்கு மணி நேரம் மூன்று பேருந்து நிலையம் ஏறி இறங்குவது பாதுகாப்பா? மக்கள் பாதுகாப்புக்காகத்தான் இந்தக் கட்டுப்பாடு என்றால், இது அதற்கு நேர் எதிராக அல்லவா வேலை செய்கிறது!

இந்த எல்லையே நாம் போட்டதில்லை. 1739இல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போன காரைக்கால் 1954இல் இந்தியாவோடு சேர்ந்தது. இரண்டு பக்கமும் அதே வயல், அதே வாய்க்கால், அதே சொந்தபந்தம். எல்லைக்கு இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் நிலமும் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. அப்பன் காலத்தில் இருந்து பயிர்ப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர், பன்றி மேய்ந்த தன் வயலுக்கே அதை எடுத்துக்கொண்டு போனால் குற்றம் என்றால் என்ன நியாயம் இது?

பணவண்டி விஷயம் இதைவிடக் கொடுமை. 2018இல் உள்துறை அமைச்சகம் பணம் கொண்டு போகும் தனியார் வண்டிகளுக்கு மாதிரி விதிகள் வெளியிட்டது. ஒவ்வொரு வண்டியிலும் ஆயுதம் ஏந்திய காவலர் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. நல்ல விதி. அந்த இரண்டு பேரும் மயிலாடுதுறையில் ஏறி நாகைக்கு எந்த வழியாகப் போவார்கள் என்று யாராவது யோசித்தார்களா? ஆயுதம் இல்லாமல் போனால் விதிமீறல், ஆயுதத்தோடு குறுக்கு வழியில் போனாலும் விதிமீறல். மாட்டுவது டிரைவரும் கன்மேனும்தான். ஏஜென்சிக்காரர் போனையே எடுக்க மாட்டார்.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் துப்பாக்கிச் சட்டமே வேறு. நமக்கு அதுகூட இல்லை, சட்டம் ஒன்றுதான். அப்படிப்பட்ட நாட்டிலேயே 1986இல் மத்தியச் சட்டம் ஒன்று கொண்டுவந்தார்கள். புறப்படும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் ஒருவர் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கலாம் என்றால், தோட்டா இல்லாமல், கைக்கு எட்டாதபடி வைத்து இடையில் இருக்கும் மாநிலத்தைக் கடந்து போகலாம். அந்த ஊர்த் துப்பாக்கிக் கலாச்சாரம் நமக்கு வேண்டவே வேண்டாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைச் சுட்டுக் கொல்லும் நாடு அது. இங்கே லைசென்ஸ் கடினமாக இருப்பது நல்லது, இன்னும் கடினமாக்கினாலும் நான் வரவேற்பேன். ஆனால் எல்லாச் சோதனையும் முடித்து லைசென்ஸ் கொடுத்த ஆளுக்குக் கடந்து போக ஒரு வழி வேண்டாமா?

அப்புறம் தேர்தல். தேதி அறிவித்த உடனே ஸ்டேஷனில் இருந்து போன் வந்துவிடும், "துப்பாக்கியை டெபாசிட் பண்ணிடுங்க." 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சி, 2021 ஏப்ரலில் சட்டமன்றம், 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சி, 2024 ஏப்ரலில் நாடாளுமன்றம். 2024இல் மார்ச் 16 அறிவிப்பு, நமக்கு ஓட்டுப்பதிவு ஏப்ரல் 19, எண்ணிக்கை ஜூன் 4. ஓட்டுப்போட்டு முடித்த பிறகும் ஒன்றரை மாதம் துப்பாக்கி ஸ்டேஷனில்! துப்பாக்கி இல்லாத கன்மேனுக்கு யார் கன்மேன் சம்பளம் கொடுப்பார்? வங்கிக் காவலுக்கு விலக்கு கேட்கலாம்தான், அதற்கு வங்கி கடிதம் தர வேண்டும். வங்கியோ ஏஜென்சியைக் கேள் என்கிறது, ஏஜென்சி வங்கியைக் கேள் என்கிறது. தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தலே ஒரு குழு வைத்துத் தனித்தனியாகப் பரிசீலிக்கச் சொல்கிறது. ஜாமீனில் வெளியே இருப்பவர்கள், குற்றப் பின்னணி உள்ளவர்கள், தேர்தல் கலவரத்தில் சம்பந்தப்பட்டவர்கள் இவர்களைத்தான் குறிப்பாகப் பார்க்கச் சொல்கிறது. நடைமுறையில் எல்லாரும் ஒரே வரிசையில் நின்று ஒப்படைக்க வேண்டியதுதான்.

திருப்பி வாங்கும்போது பார்க்க வேண்டும். கடற்கரைக் காற்றில் உப்பும் ஈரமும் இருக்கிறது. சுவரோரம் சாத்தி வைத்த துப்பாக்கி மாதக்கணக்கில் எண்ணெய் காணாமல் கிடக்கிறது. குழலை மடக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே பழுப்புப் பழுப்பாகத் துரு. ராணுவத்தில் துப்பாக்கியில் ஒரு புள்ளித் துரு இருந்தால் தண்டனை கொடுப்பார்கள். அந்தப் பழக்கத்தில் வந்தவன் நான். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து புல்த்ரூ கயிற்றில் துணி கட்டி இழுத்து இழுத்து, துணி வெள்ளையாக வரும் வரை துடைக்கும்போது வயிறு எரிகிறது. கட்டை பிளந்தாலும் குழல் அரித்தாலும் கேள்வி கேட்க முடியாது. ரசீதில் 'துப்பாக்கி 1' என்றுதான் இருக்கிறது, என்ன நிலையில் என்று இல்லை.

ஜம்மு காஷ்மீரில் பணியில் இருந்தபோது லைசென்ஸ் எடுத்து வந்த நண்பர்கள் பாடு இன்னும் மோசம். 2012 முதல் 2016 வரை அங்கே தகுதியில்லாதவர்களுக்கு 2.78 லட்சத்துக்கும் மேல் லைசென்ஸ் கொடுத்ததாக சி.பி.ஐ விசாரணை வந்தது. பணம் வாங்கிக் கொடுத்தவர்களைப் பிடிக்கட்டும், உள்ளே தள்ளட்டும். முறையாக எடுத்து, ஊருக்கு வந்ததும் தானே போய்ப் பதிவு செய்யச் சொன்னவனையும் போலி என்ற கண்ணோடு பார்த்தால் எப்படி?

நாட்டு வெடிகுண்டு செய்கிறவனும், கள்ளத்துப்பாக்கி வைத்திருக்கிறவனும் எந்தத் தேர்தலிலும் ஸ்டேஷன் வரிசையில் வந்து நிற்பதில்லை. அவன் பாலத்தைப் பார்ப்பதுமில்லை, லைசென்ஸ் எல்லையைப் பார்ப்பதுமில்லை. எல்லாச் சட்டமும் ஏற்கெனவே பதிந்து வைத்திருக்கும் எங்கள் தலையிலேயே விடிகிறது. தேடி வர வேண்டிய அவசியமே இல்லாத ஆட்களைத்தான் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார்கள்.

நாங்கள் கேட்பது சின்ன விஷயம். நாகை, மயிலாடுதுறை, திருவாரூர், காரைக்கால் மாவட்டங்களில் கொடுக்கும் லைசென்ஸ்களில், தோட்டா கழற்றி உறையில் வைத்த துப்பாக்கியோடு மற்ற மாவட்டங்களைக் கடந்து போகலாம் என்று ஒரு வரி சேர்த்துக் கொடுக்கட்டும். இரண்டு அரசும் பேசி முடிக்க வேண்டியது இது. எந்தச் சாலை, எந்த நேரம் என்று கட்டுப்பாடு போட்டாலும் சரி, முன்கூட்டியே ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போ என்றாலும் சரி, செய்கிறோம். தேர்தல் டெபாசிட்டில் ஓட்டுப்பதிவு முடிந்த வாரத்திலேயே திருப்பிக் கொடுக்கட்டும். வைத்திருக்கும் வரை எண்ணெய் போட்டு வைக்கட்டும், இல்லையென்றால் எங்களையே வந்து போட்டுவிட்டுப் போக விடட்டும்.

இதையெல்லாம் எழுதி வரும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுவாகக் கொடுக்கப் போகிறோம். தனித்தனியாகப் போய்ப் பார்த்தாயிற்று, இந்த முறை சேர்ந்து போகிறோம். வேலை போன அந்த அண்ணனும் வருகிறார். இதே சிக்கலில் இருக்கும் கன்மேன்கள், பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் வைத்திருக்கும் விவசாயிகள் எல்லாரும் வாருங்கள். லைசென்ஸ் புத்தகத்தின் நகல், டெபாசிட் ரசீது இருந்தால் அதன் நகல் இரண்டையும் கொண்டுவாருங்கள். துப்பாக்கியை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு வாருங்கள்.