லீன் முறை கார் ஆலைக்கு மட்டும்தானா?

"லீன் மேலாண்மை கார் தயாரிப்புக்காகவே உருவானது, வேறு எந்தத் துறைக்கும் ஒத்துவராது" என்றொரு தகவல் வாட்ஸ்அப் குழுக்களில் பகிரப்படுகிறது. இது தவறு. லீன் என்பது வீண்வேலையையும் காத்திருப்பையும் பிழையையும் குறைத்துக்கொண்டே போகும் வேலைமுறை.

இந்த முறையின் வேரே தறியில்தான் இருக்கிறது. ஜப்பானியக் கண்டுபிடிப்பாளர் சகிச்சி டொயோடா 1924-இல் முழுமைப்படுத்திய தானியங்கித் தறி, ஒரு பாவு நூல் அறுந்தாலும் தானே நின்றுவிடும். பிழையோடு நெய்து குவிப்பதைவிட நின்று சரிசெய்வது மேல் என்ற எண்ணம் அங்கிருந்துதான் அவர் குடும்பம் தொடங்கிய டொயோட்டா கார் ஆலைக்குப் போனது. அங்கே அதை வளர்த்தெடுத்த பொறியாளர் தாய்ச்சி ஓனோவும் நூற்பு, நெசவு ஆலையிலிருந்து வந்தவர்தான்.

நியூயார்க்கின் ஹார்லெமில் உள்ள ஓர் இலவச உணவுக்கூடத்தைப் பாருங்கள். பத்து நாற்காலிகள் காலியாகும்வரை வரிசையை நிறுத்திவைத்து, பத்துப் பத்துப் பேராக உள்ளே விட்டார்கள். டொயோட்டா பொறியாளர்கள் வந்து பார்த்த பிறகு, ஓர் இடம் காலியானதும் ஒருவரை அனுப்பினார்கள். காலி இடத்தைக் கண்காணிக்கவே ஓர் ஊழியரை நிறுத்தினார்கள். 90 நிமிடக் காத்திருப்பு 18 நிமிடமானது. பசியோடு நிற்பவருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

சியாட்டிலின் வர்ஜீனியா மேசன் மருத்துவமனை 2002 முதல் இதைப் பின்பற்றியது. நோயாளிக்கு ஆபத்து என்று தோன்றினால் எந்த ஊழியரும் சிகிச்சையை நிறுத்தச் சொல்லலாம். அந்தத் தறியைப் போலவே.

"லீன் என்றால் ஆள்குறைப்பு" என்பதும் அதே தகவலில் இருக்கிறது. அந்தப் பெயரில் ஆட்களை வெளியேற்றிய நிறுவனங்கள் உண்டு. ஆனால் வர்ஜீனியா மேசன், லீன் மாற்றங்களால் யாருக்கும் வேலை போகாது என்று உறுதியளித்துவிட்டுத்தான் தொடங்கியது.