ஊறுகாய்த் தெருவில் ஒரு நடை

காலை 6 மணி, கனடாவின் ஸ்காபரோவில் மைனஸ் 14 டிகிரி. எனக்கு இரண்டு காற்சட்டை, கம்பளித் தொப்பி, கையுறை, பூட்ஸ். எங்கள் நாய் ஜிம்மிக்கு வெறுங்கால்.

குளிரைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இந்த உப்பைத்தான் தாங்க முடியவில்லை. ஆட்கள் வழுக்கி விழக் கூடாதென்று நடைபாதையில் தூவுகிறார்கள், சரி. அதற்காக ஊறுகாய் போடுவது போலவா கொட்டுவது? மைனஸ் 10-க்குக் கீழே போனால் சாதாரண உப்பு பனியை உருக்கவே திணறும். கரையாத கல் அப்படியே போய் ஜிம்மியின் விரலிடுக்கில் செருகிக்கொள்ளும். பத்து அடி நடந்ததும் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்று, ஏதோ நான்தான் குத்திவிட்ட மாதிரி ஒரு பார்வை. கையுறையைக் கழற்றி, விறைத்த விரலால் கல்லை நோண்டி எடுத்தால், அடுத்த கால்.

காலணியும் வாங்கிப் பார்த்தாயிற்று. சுடுமணலில் விட்ட கொக்கு மாதிரி உதறி உதறி நடந்தான். மூன்றாம் நாளே ஒன்று பனிக்குவியலில் தொலைந்தது. (அந்த விலைக்கு எனக்கே ஒரு சோடி வாங்கியிருக்கலாம்.)

வீட்டுக்கு வந்தாலும் விடுதலை இல்லை. பாதத்தை நக்கினால் உப்பு வயிற்றுக்குள் போய் வாந்தி எடுப்பான். அதனால் வாசலிலேயே வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர், நான்கு கால், ஒரு துவாய். அப்புறம் பார்த்தால், ஐயா போன காரியத்தையே முடிக்கவில்லை. மறுபடியும் கதவைப் பிறாண்டுகிறார்.