பையில் என்ன எடுத்துவைப்பாய்?

புலம்பெயரும் சிறுவர்களைப் பற்றிய நாவலை வகுப்பில் தொடங்கும்போது ஆசிரியர்கள் வழக்கமாக ஒரு பயிற்சி வைப்போம். "வீட்டை விட்டுக் கிளம்ப ஐந்து நிமிடம்தான் இருக்கிறது. பையில் எதையெல்லாம் எடுத்துவைப்பாய்? எழுது." நானும் பல ஆண்டுகள் வைத்திருக்கிறேன். இனி வைக்கப்போவதில்லை.

கடைசியாக வைத்த அன்று எல்லாரும் உற்சாகமாகத்தான் எழுதினார்கள். குடும்பப் புகைப்படம், கரடி பொம்மை, பூனை. (பூனையைப் பையில் வைக்கலாமா என்று தனியாக ஒரு வாக்குவாதம் ஓடியது.) கடைசி வரிசையில் ஒரு பையன் ஒரே வரி எழுதியிருந்தான்: அம்மாவின் போன் நம்பர். "அது பொருளே இல்லையே" என்றாள் பக்கத்தில் இருந்தவள். "போன் தண்ணீரில் விழுந்துவிடும். தாள் நனைந்துவிடும். மனப்பாடமாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்" என்றான் அவன்.

வகுப்பு அடங்கிவிட்டது. அத்தோடு நானும் அடங்கியிருக்க வேண்டும். "உனக்கு எப்படித் தெரியும்? எல்லாருக்கும் சொல்லேன்" என்று கேட்டுவிட்டேன். அவன் என்னைப் பார்த்தான், தன் பக்கம் திரும்பியிருந்த முகங்களைப் பார்த்தான். "எங்கேயோ படித்தேன், டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டான்.

அமெரிக்கக் கல்வியாளர் ருடின் சிம்ஸ் பிஷப் 1990இல் எழுதிய கட்டுரையை ஆசிரியர்கள் பலர் அறிவார்கள். குழந்தைகளுக்கான புத்தகம் சிலருக்குத் தங்களையே காட்டும் கண்ணாடி, சிலருக்குப் பிறர் வாழ்க்கையைக் காட்டும் ஜன்னல் என்றார் அவர். நல்ல உவமைதான். ஆனால் ஜன்னல் வழியாகப் பார்ப்பது வேறு, அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது வேறு. அன்று நான் செய்தது இரண்டாவது.

தான் ஹா லாய் எழுதிய 'இன்சைட் அவுட் அண்ட் பேக் அகெய்ன்' நாவலில், 1975இல் வியட்நாமின் சைகோனிலிருந்து தப்பி அமெரிக்காவின் அலபாமாவுக்கு வரும் பத்து வயதுச் சிறுமி வகுப்பில் எண்களை எண்ணிக் காட்டுகிறாள். எல்லாரும் கைதட்டுகிறார்கள். ஊரில் பின்னக் கணக்குவரை போட்டவள் அவள்; அந்தக் கைதட்டல் அவளை எரிச்சலூட்டுகிறது. இரக்கம் எவ்வளவு எளிதாக அவமானமாகிவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல பக்கம் எனக்குத் தெரியாது. ஆனாலும் இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் நாம் கேட்கும் கேள்வி என்ன? "அவள் இடத்தில் நீ இருந்தால் எப்படி உணர்வாய்?" எல்லாரும் ஒரே பதிலை எழுதுவார்கள். வருத்தமாக இருக்கும், பயமாக இருக்கும். பத்து மதிப்பெண்.

என் ஆதங்கம் இதுதான். உணர்ச்சியைக் கேட்கிறோம், விதிகளைக் கேட்பதில்லை. 1938, 39இல் நாஜிகளின் பிடியிலிருந்து சுமார் 10,000 குழந்தைகளை பிரிட்டன் ஏற்றுக்கொண்டது. 17 வயதுக்கு உட்பட்டவர்கள் மட்டும், பெற்றோருக்கு இடமில்லை. அந்த வயதுக் கோட்டை யார் போட்டார்கள், கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற அக்கா என்ன ஆனாள் என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பு நிமிர்ந்து உட்காரும். அதே பிரிட்டன் காப்பக விடுதிகளில் இருந்த பிள்ளைகளை ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் கப்பலேற்றியது. பெற்றோர் உயிரோடு இருந்தும், இறந்துவிட்டார்கள் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. ஆஸ்திரேலியப் பிரதமர் 2009இலும் பிரிட்டன் பிரதமர் 2010இலும் மன்னிப்புக் கேட்டார்கள். ஓடிவந்தவர்களின் கதை மட்டுமல்ல இது, அனுப்பிவைக்கப்பட்டவர்களின் கதையும்கூட.

இன்னொரு குறையும் உண்டு. பல நாவல்கள் எல்லையைத் தாண்டியதும் முடிந்துவிடுகின்றன. காகிதங்களின் கதை அங்கேதான் தொடங்குகிறது. 1989இன் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை பொதுவாக 18 வயதுக்கு உட்பட்டவர்களையே குழந்தை என்கிறது. தனியாக வந்த அகதிக் குழந்தையின் குடும்பத்தைத் தேட உதவ வேண்டும் என்கிறது அதன் 22ஆவது பிரிவு. பதினெட்டாவது பிறந்தநாளுக்கு மறுநாள் அந்தப் பாதுகாப்பு என்ன ஆகும்? பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிட நெருக்கமான கேள்வி இருக்க முடியாது.

அதனால் இந்த ஆண்டு பயிற்சியை மாற்றினேன். நாவலில் ஒரு அத்தியாயத்தை எடுத்துக்கொண்டோம். கதை நடுவில் தொடங்கும், பின்னால் போகும். படகின் டீசல் வாசனை நினைவிருக்கும், தேதி நினைவிருக்காது. அதையே அகதி விண்ணப்ப நேர்காணலாக மாற்றி எழுதச் சொன்னேன். என்றைக்குக் கிளம்பினாய், யாரோடு, எந்த வழியாக. ஒருவர் அதிகாரி, ஒருவர் அந்தச் சிறுமி. வாசனைக்கு விண்ணப்பத்தில் இடமில்லை என்பதைப் பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். "தேதி மறந்துவிட்டால் பொய் சொல்கிறாள் என்று அர்த்தமா?" என்று ஒருத்தி கோபமாகவே கேட்டாள்.

கடைசி வரிசைப் பையன் தானாகவே அதிகாரி வேடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டான். ஒரே கேள்வியைச் சொற்களை மாற்றி மாற்றி மூன்று முறை கேட்டான். ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் தலை நிமிராமல் எதையோ நிதானமாக எழுதிக்கொண்டான். இதை எங்கே கற்றாய் என்று நான் கேட்கவில்லை.