9எம்எம்முக்கு ரீலோடிங் வேண்டாம் தம்பி

போன வாரம் துப்பாக்கி சுடுற ரேஞ்ச்ல ஒரு தம்பி, மதுரைப் பையன், கிரீன் கார்டு வந்து ஆறு மாசம் ஆகுது, முதல் பிஸ்டல் வாங்கிட்டான், அண்ணே தோட்டா விலை கட்டுப்படியாகல, நானும் உங்கள மாதிரி ஒரு ப்ரெஸ் (தோட்டா அமுக்குற மெஷின்) வாங்கி, சுட்ட தோட்டா ஓட்டுலயே திரும்ப பவுடரும் புல்லட்டும் வச்சு வீட்லயே ரீலோட் பண்ணிக்கவான்னு கேட்டான். அங்க அவசரத்துல ரெண்டு வார்த்தைதான் சொல்ல முடிஞ்சுது. டெக்சாஸ்ல நம்ம ஆளுங்க நெறைய பேர் இப்ப இதே கேள்விய கேக்குறாங்க, அதான் இங்க எழுதுறேன்.

9எம்எம்முக்கு, அதாவது சாதாரண பிஸ்டல் தோட்டாவுக்கு, வேண்டாம். கணக்கப் பாருங்க. சுட்ட கேஸ், அதான் வெளிய இருக்குற ஓடு, கீழ கிடக்கும், பொறுக்கிக்கலாம், அதுக்கு காசு இல்ல. எங்க ஊர் கடைல பிரைமர் (அடி பட்டதும் பவுடருக்கு தீ வைக்கிற சின்ன மூடி) 1000 வாங்கினா 75 டாலர் பக்கம், ஒண்ணு ஏழரை சென்ட். பவுடர் ஒரு பவுண்டு 45 டாலர், பவுண்டுக்கு 7000 கிரெயின், 9எம்எம்முக்கு நாலு அஞ்சு கிரெயின்தான் போகும், அதனால 3 சென்ட். புல்லட், அதாவது பறந்து போற முனை மட்டும், 10 சென்ட். மொத்தம் 20, 21 வந்துருச்சு. அதே கடைல ரெடிமேட் ரவுண்டு (முழுத் தோட்டா) 24, 25 சென்ட்டுக்கு கிடைக்குது. மிச்சம் 4 சென்ட்! ஆன்லைன்ல வாங்கினா பவுடருக்கும் பிரைமருக்கும் ஹேஸ்மேட் (ஆபத்தான சரக்கு) சார்ஜ்னு தனியா புடுங்குவான், அதுல அந்த 4 சென்ட்டும் போயிரும். நல்ல ப்ரொகிரஸிவ் ப்ரெஸ் (ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தோட்டா வர்றது), டை (அச்சு), தராசு, வெர்னியர், கேஸ் கழுவுற டம்ளர் மெஷின் எல்லாம் சேத்து 1000 டாலர் முன்னாடியே போட்டிருப்பீங்க. 4 சென்ட் வீதம் அதை எடுக்க 25,000 ரவுண்டு சுடணும்.

தட்டுப்பாடு வந்தா கைகொடுக்கும்னு ஒருத்தர் விடாம சொல்லுவார். 2020ல நான் இங்கதான் இருந்தேன். தோட்டா காணாமப் போனப்ப பிரைமரும் கூடவே காணாமப் போச்சு. புல்லட்டக் கூட ஈயம் உருக்கி வார்த்துக்கலாம், பிரைமர வீட்ல செய்ய முடியாது. அமெரிக்காவுல அத பெருசா செய்யறவங்கள விரல் விட்டு எண்ணிரலாம், சிசிஐ, ஃபெடரல், வின்செஸ்டர், ரெமிங்டன். அவங்களுக்கே சொந்த தோட்டாவுக்கு பத்தலன்னா நமக்கு எங்கருந்து வரும்? அப்ப தப்பிச்சவங்க முன்னாடியே வாங்கி வச்சவங்க மட்டும்தான்.

அப்ப நான் ஏன் பன்னெண்டு வருஷமா பண்றேன்? ரைஃபிளுக்கு. 308னு ஒரு ரைஃபிள் தோட்டா அளவு, அதுல மேட்ச் (போட்டி) தரத்துல ஒரு ரவுண்டு கடைல ரெண்டு டாலர் கிட்ட, நான் போட்டா 90 சென்ட் தாண்டாது. ஆனா காசு கூட ரெண்டாவதுதான். ஒரு தடவ சுட்ட கேஸ் என் துப்பாக்கியோட சேம்பர் (தோட்டா உக்கார்ற இடம்) அளவுக்கே விரிஞ்சு உக்காந்துருக்கும், அதை ரொம்ப நசுக்காம கழுத்தை மட்டும் சரி பண்ணி, புல்லட் எவ்வளவு ஆழம் உக்காரணும்னு கொஞ்சம் கொஞ்சமா மாத்தி, ஒவ்வொண்ணுக்கும் அஞ்சஞ்சா போட்டு சுட்டு பாத்து, நோட்டுல எழுதி, ஒன்றரை இன்ச்சுக்கு செதறிக்கிட்டு இருந்தது ஒருநாள் 100 கெஜத்துல அரை இன்ச்சுக்குள்ள அஞ்சும் ஒட்டிக்கிட்டு விழுந்தப்ப எனக்கு கை நடுங்கிருச்சு. அந்த பேப்பர இன்னும் கராஜ் செவத்துல ஒட்டி வச்சிருக்கேன். 50 ரவுண்டு போட ரெண்டு சாயங்காலம் போகும். அது எனக்கு வேலையாவே தெரியல. உங்களுக்கு வேலையாத் தெரிஞ்சா வாங்காதீங்க.

இன்னொண்ணு, இத சொல்லாம விட்டா தப்பு. நான் சாத்தூர் பக்கம். பவுடர இன்னும் மருந்துன்னுதான் வாய்ல வரும். பட்டாசு ஆபீஸ்ல (ஃபேக்டரியத்தான் அப்படி சொல்லுவோம்) ஒரு ரூமுக்கு 4 பேருக்கு மேல உக்காரக்கூடாதுன்னு ரூல் ஏன் இருக்குன்னு எங்க ஊர்ல சின்னப் புள்ளைக்குத் தெரியும். அப்படி வளந்த நானே ஒரு தடவ போன் வந்துச்சுன்னு பாதில எந்திரிச்சுப் போய், திரும்பி வந்து ஒரு கேஸ்ல மருந்து போடாமலே புல்லட்ட அமுக்கிட்டேன். ரேஞ்ச்ல அது வெடிக்கல, 'டப்'னு லேசா ஒரு சத்தம் மட்டும். பிரைமர் மட்டும் தள்ளி புல்லட் பேரலுக்குள்ள (துப்பாக்கிக் குழாய்) சிக்கிருச்சு. அடுத்தத சுட்டிருந்தா பேரல் கிழிஞ்சிருக்கும், என் கை என்ன ஆகியிருக்குமோ. சத்தம் வித்தியாசமா இருந்துச்சேன்னு நிறுத்தினேன், அவ்வளவுதான். மருந்து டபுளா விழுந்தா அது இன்னும் மோசம். அன்னைலேருந்து மேசைல ஒரே ஒரு பவுடர் டப்பா, புல்லட் வைக்கிறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு 50 கேஸுக்குள்ளயும் பாக்குறது, முடிஞ்சதும் சோப்பு போட்டு கை கழுவுறது, ஏன்னா ஈயம் உடம்புல சேரும், வீட்ல குழந்தைங்க இருக்கு.

அண்ணே எனக்கும் போட்டுக் குடுங்க, காசு தரேன்னும் ரெண்டு பேர் கேட்டீங்க. நம்ம சொந்த உபயோகத்துக்கு போட்டுக்க ஃபெடரல் லைசென்ஸ் தேவையில்ல, வித்துப் பொழைக்க இறங்கினா கட்டாயம் வேணும். நான் பண்ண மாட்டேன், கோவிச்சுக்காதீங்க. ஹெச்1பில இருக்கவங்க துப்பாக்கி, தோட்டா எதையும் தொடறதுக்கு முன்னாடி ஒரு வக்கீலக் கேளுங்க, ஹண்டிங் லைசென்ஸ் மாதிரி சில விலக்குதான் இருக்கு.

தம்பி, நீ ப்ரெஸ் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை எங்க கராஜுக்கு வா. என் பழைய சிங்கிள் ஸ்டேஜ் ப்ரெஸ்ல (ஒரு நேரத்துல ஒரு வேலைதான் பண்ணும்) 308 ஒரு 50 போட்டுப் பாரு. செல்போன கார்லயே வச்சுட்டு வா.