எல்லாப் பாட்டுக்கும் ஒரு படம் இருக்கணுமா?

ஞாயித்துக்கிழமை மன்னார்குடி கச்சேரியில நடந்ததை எல்லாரும் வீடியோவுல பார்த்தாச்சு, கதையை முதல்லேர்ந்து சொல்லப் போறதில்லை. 'சுராங்கனி'யைப் பாதியில நிறுத்திட்டு மைக் பிடிச்ச தம்பி கேட்டாரே, "இது எந்தப் படம்? கரெக்டா சொன்னா சில்வர் டப்பா!"ன்னு. ஆளாளுக்கு ஒரு படத்தைக் கத்துறாங்க. நான் எழுந்து "இது படப்பாட்டே இல்ல தம்பி"ன்னேன். "பெரியவர் டப்பாவை மிஸ் பண்ணிட்டாரு"ன்னார். மண்டபமே சிரிச்சுது.

டப்பா எனக்கு வேண்டாம். வீட்டுல பதினாலு கிடக்கு.

அது இலங்கைப் பாடகர் ஏ.ஈ. மனோகரன் பாடின பாட்டு. பொப் பாட்டு. (பாப் இல்ல, பொப். இலங்கையில அப்படித்தான் சொல்லுவாங்க.) நித்தி கனகரத்தினத்தோட 'சின்ன மாமியே'வும் அதே ஜாதி. கதை, ஹீரோ, டூயட்டு எதுவும் கிடையாது. பைலாங்கிற இலங்கை ஆட்டத் தாளம், குரல், அவ்வளவுதான். படம் கிடையாது. திரும்பவும் சொல்றேன், படம் கிடையாது.

"1977ல 'அவர் எனக்கே சொந்தம்' படத்துல வந்ததே சார்"னு ரெண்டு பேர் இன்பாக்ஸ்ல வந்துட்டாங்க. வந்துச்சு. மலேசியா வாசுதேவன் பாடினார், நல்லாவே பாடினார். பக்கத்து வீட்டுப் பிள்ளையை இடுப்புல வச்சு போட்டோ எடுத்தா பிள்ளை நம்மளுது ஆயிடுமா?

இன்னொருத்தர், "தஞ்சாவூர் மண்ணுல பொறந்துட்டு பைலாவுக்கு வக்காலத்தா?"ங்கிறார். ஐயா, திருவையாத்து ஆராதனையில பஞ்சரத்னம் பாடுறப்போ போய் எந்தப் படம்னு கேட்பீங்களா? கேட்டுப் பாருங்களேன்.

தம்பி சின்னப் பையன், தெரியாம கேட்டுட்டான்னு சொல்றாங்க. சரி. தெரியாதவன் கையில எதுக்கு மைக்கு?

வேதாரண்யம் பக்கம் ஆயக்காரன்புலத்துல எங்க வீட்டுல இருந்தது மர்பி வால்வு ரேடியோ. திருகினதும் பாடாது, சூடாகணும். ஸ்டேஷன் சரியா சிக்குதான்னு காட்டுற பச்சை விளக்குக் கண்ணு ஒண்ணு, அதுக்கு நடுவுல ஒரு இருட்டுத் துண்டு இருக்கும். அப்பா முள்ளை மயிரிழை மயிரிழையா நகர்த்த நகர்த்த அது சுருங்கிக்கிட்டே வரும். நல்லா ஒடுங்கிட்டா கொழும்பு, அதான் இலங்கை வானொலி, சிக்கிட்டுதுன்னு அர்த்தம். திருச்சி வானொலி 1939லேர்ந்து இருக்கு, இல்லேங்கலை. ஆனா எங்களுக்குக் கொழும்புதான் தெளிவு. நடுவுல கடல்தானே, உப்புத்தண்ணி மேல மத்திய அலை (மீடியம் வேவ்) வழுக்கிக்கிட்டு வரும். 1952ல அமைச்சர் கேஸ்கர் ஆகாசவாணியில சினிமாப் பாட்டை ஓரங்கட்டினப்போ அந்தப் பக்கம் சாய்ஞ்ச தலைமுறை அப்பாவோடது. 1957ல ஆகாசவாணியே சினிமாப் பாட்டுக்குன்னு விவித் பாரதியைக் கொண்டு வந்தும் அவர் திரும்பலை. கொழும்பு அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீதுன்னா எங்களுக்குச் சொந்தக்காரங்க மாதிரி. முகம் எப்படி இருக்கும்னுகூட தெரியாது.

அக்கா அப்போ எட்டாவது. யாருக்கும் தெரியாம நேயர் விருப்பத்துக்குக் கடிதம் போட்டுட்டா. அது மறந்தே போன ஒரு சாயங்காலம், அவ பேரும் "ஆயக்காரன்புலம்"ங்கிற ஊர்ப் பேரும் கடல் தாண்டி வந்துச்சு. ஒரு எழுத்து பிசகலை. (சென்னையில பேங்க்ல இன்னமும் ரெண்டு தடவை திருப்பிக் கேட்கிறான்.) அக்கா கையில முறுக்கு மாவு, அப்படியே நின்னா. பொம்பளைப் புள்ள பேரை ஊருக்கெல்லாம் கேட்க விட்டுட்டியேன்னு அப்பா கத்தினார். மறுநாள் டீக்கடையில அவரே பத்து பேர்ட்ட சொல்லிக்கிட்டிருந்தார்.

அந்த அக்காதான் ஞாயித்துக்கிழமை என் பக்கத்துல உட்கார்ந்திருந்தா. முட்டி வலியோட, ரெண்டு பஸ் மாறி வந்தவ. 'சுராங்கனி' ஆரம்பிச்சதும் விரலால நாற்காலிக் கையில தாளம் போட்டுக்கிட்டு சன்னமா கூடவே பாடினா. எத்தனை வருஷம் ஆச்சு அவ பாடிக் கேட்டு. அப்பதான் தம்பி கையைத் தூக்கி நிறுத்தினார். வீடியோவுல அது இல்ல, எனக்குத் தெரியும். கேமரா மேடையைத்தானே காட்டும்.

யூடியூப்ல எல்லாம் கிடைக்குதேன்னு வந்துடாதீங்க. கிடைக்குது. அதுலயும் ஏதோ ஒரு ஹீரோ படத்தை ஒட்டித்தான் வச்சிருக்கான்.

திரும்பி வர்றப்போ திருத்துறைப்பூண்டி தாண்டுற வரைக்கும் நான் புலம்பிக்கிட்டே வந்தேன். அக்கா ஜன்னல் பக்கம் சாய்ஞ்சுக்கிட்டே சொன்னா, "விடுடா. எந்தப் படமா வேணா இருந்துட்டுப் போவுது."