அந்த ஊர் வெளிச்சம்

லாஸ் வேகாஸில் மூன்று ராத்திரி தங்கி 1,100 படங்களுக்கு மேல் சுட்டுத் தள்ளியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பார்த்தால் தேறுவது ஏழு. கேமராவில் கோளாறு இல்லை, கையும் நடுங்கவில்லை. அந்த ஊரில் எனக்கு வேலையே இல்லை, அதுதான் சங்கதி.

லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து மொஹாவி பாலைவனம் வழியாக ராத்திரியில் கார். மணிக்கணக்காகக் கும்மிருட்டு. திடீரென்று மலைக்குப் பின்னால் வானம் வெளுத்தது. விடிகிறதோ என்று மணி பார்த்தேன். பதினொன்று!

ஸ்ட்ரிப் என்கிற அந்த ஏழு கிலோமீட்டர் சாலையில் இறங்கியதும் கை பரபரக்கும். பெலாஜியோ ஹோட்டல் வாசலில் நீரூற்று ஆட்டம், எதிரே அசலில் பாதி உயரத்துக்கு ஒரு ஈபிள் கோபுரம். டிரைபாடை விரித்துக் கண்ணை வைத்தால், எனக்கு முன்னாலேயே யாரோ ஃபிரேம் வைத்து முடித்துவிட்டார்கள். எங்கே நிற்க வேண்டும், பின்னால் எது வர வேண்டும், தண்ணீர் எப்போது எழும்பும், எல்லாம் ஏற்பாடு. பக்கத்தில் ஒரு பெண் போனில் எடுத்த படமும் என்னுடையதும் ஒன்றுதான். அவருடையதில் நிறம் இன்னும் நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2023-ல் திறந்த ஸ்ஃபியர் அரங்கம் அதைவிட மோசம். 112 மீட்டர் உயர உருண்டை, மேலெல்லாம் எல்இடி. ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் குறுக்கே பட்டை விழுகிறது, குறைத்தால் ஓடும் காட்சி குழம்புகிறது. எப்படியோ பிடித்துவிட்டாலும் கையில் மிஞ்சுவது யாரோ செய்த அனிமேஷனின் நகல்.

கேசினோவுக்குள் ஜன்னலைத் தேடிப் பயனில்லை. வெனிஷியன் ஹோட்டல் கடைவீதியில் கூரையிலேயே மேகத்தோடு நீல வானத்தை வரைந்துவிட்டார்கள். ஒரு சீட்டாட்ட மேசைப் பக்கம் கேமராவைத் தூக்கினேன், காவலர் வந்துவிட்டார். ஆடுகிறவர்கள் முகம் வரக்கூடாதாம். ஏற்பாடு செய்யாமல் அங்கே இருந்தது அந்த முகங்கள் மட்டும்தான்!

ஊரின் புகழ்பெற்ற வரவேற்புப் பலகை 1959-ல் பெட்டி வில்லிஸ் வடிவமைத்தது. அதற்குக் காப்புரிமை கிடையாது, அதனால் சாவிக்கொத்து வரைக்கும் அதே படம். வேடிக்கை என்னவென்றால், பலகை நிற்பதே நகர எல்லைக்கு வெளியே. ஸ்ட்ரிப்பில் பெரும்பகுதியும் அப்படித்தான். அந்தப் பகுதிக்கு அரசாங்கக் காகிதத்தில் பெயர் பாரடைஸ்.

இரண்டாம் ராத்திரி லக்ஸர் ஹோட்டல். 1993-ல் கட்டிய பிரமிட், உச்சியிலிருந்து வானத்துக்கு நேராக ஒரு வெளிச்சத் தூண். அதற்குள் ஜிகினா தூவியது போல மினுமினுப்பு. 200 எம்எம் லென்ஸில் பார்த்தால் பூச்சிகள், அவற்றைத் தின்ன வந்த வௌவால்கள். சூதாட்ட ஊர், விளக்கு, விட்டில் என்று உவமை தானாக வாயில் வந்து விழுந்தது. துப்பிவிட்டேன். யாரும் கூப்பிடாமல் வந்த ஜீவன்கள் அவை, அதனால் அது என் படம்.

வேகாஸுக்குக் கேமராவோடு போகிறவர்கள் ராத்திரியில் தூங்குங்கள் என்பேன். கடைசி நாள் காலை ஆறு மணிக்கு இறங்கினேன். வெயில் ஏற ஏற எல்இடி எல்லாம் சோகை பிடித்த மாதிரி வெளிறின. கட்டடங்களுக்குப் பின்னால் மொட்டை மலைகள், அதுவரை கண்ணில் படவே இல்லை. பஸ் நிறுத்தத்தில் ராத்திரி ஷிஃப்ட் முடிந்த இரண்டு அம்மாக்கள், சீருடையோடு. ஒருவர் ஷூவைக் கழற்றிப் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். எடுக்கலாமா என்று சைகையில் கேட்டேன். சட்டையிலிருந்த பெயர் வில்லையைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டுத் தலையாட்டினார்.

அந்த ஏழில் நான்கு, பஸ் வருவதற்குள் எடுத்தவை.